5எக்ஸ் மேக்ரோ லென்ஸும் எருக்கஞ்செடி அசுவினியும் (உங்க கதையையும் போடுங்க)

ரெண்டு வருஷமா ஆசைப்பட்டு போன தை மாசம் தான் கேனன் எம்பி-இ 65 மேக்ரோ லென்ஸ் (சின்னதைப் பெருசாக்கி எடுக்கிறது) ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். 1999ல வந்த லென்ஸ், இன்னும் பூச்சி படம் எடுக்குறவங்க கையில சுத்திக்கிட்டே இருக்கு. வாங்கின அன்னைக்கு ராத்திரியே மாட்டி ஹால்ல நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியல, ஒரே மங்கல். சரி, யாரோ நம்ம தலையில கட்டிட்டான்னு தான் நெனச்சேன். அப்புறம் தான் புரிஞ்சுது, இதுல தூரத்துல இருக்கிறது எதுவுமே ஃபோகஸ் ஆகாது, ஆட்டோ ஃபோகஸும் கிடையாது, ரிங்கைத் திருகினா 1எக்ஸ்ல (பூச்சியோட நிஜ அளவே சென்சார்ல விழுறது) இருந்து 5எக்ஸ் (அதுல அஞ்சு மடங்கு) வரைக்கும் உருவம் பெருசாகும் அவ்ளோதான். ஃபோகஸுக்கு நாம தான் முன்னயும் பின்னயும் ஆடணும்.

மறுநாள் காலையில ஆறரைக்கெல்லாம் குளத்தங்கரைக்குப் போயிட்டேன். பாளையங்கோட்டைப் பக்கம் எருக்கஞ்செடிக்கா பஞ்சம். கொழுந்துல மஞ்சளா அப்பிக்கிட்டு இருக்குமே அசுவினி, அது ஒண்ணொண்ணும் 2 மி.மீ. இருந்தா அதிகம். நேரா 5எக்ஸ் வெச்சேன், என்னோடது க்ராப் சென்சார் (படம் விழுற சில்லு கொஞ்சம் சின்னது), அதுல ஃப்ரேம் அகலமே நாலரை மி.மீ. தான், லென்ஸ் முனையில இருந்து பூச்சிக்கு 4 செ.மீ. இடைவெளி, அதுல செடி எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபிடிக்கவே கால்மணி நேரம் ஆச்சு. எஃப் 2.8ல, அதாவது லென்ஸ் துளையை முழுசா திறந்தா, கூர்மையா விழுற ஆழம் 0.05 மி.மீ. கூட இல்ல, நெஞ்சு துடிக்கிறதே படத்துல தெரியும். சரி துளையைச் சுருக்கி எஃப் 16 போடுவோம்னு போட்டா அது 5எக்ஸ்ல எஃப் 96 மாதிரி ஆயிடுது, படம் மொத்தமும் சோப்புத்தண்ணிக்குள்ள இருந்து பாத்த மாதிரி. முதல் வாரம் நானூறு க்ளிக், தேறினது ரெண்டு.

பிடி கிடைச்சது எப்படின்னா, இடது கை விரல் ரெண்டால காம்பைப் பிடிச்சுக்கிட்டு அதே கை மேலயே லென்ஸை சாய்ச்சுட்டேன். அப்போ காத்தடிச்சா செடியும் கேமராவும் சேர்ந்தே ஆடுது, எவ்ளோ ஆடினா நமக்கென்ன! முதல்ல 1எக்ஸ்ல பூச்சியைக் கண்டுபிடிச்சுட்டு அப்புறம் மெதுவா 3எக்ஸ் போறது, எஃப் 8, ஷட்டர் 1/200, மத்ததை ஃப்ளாஷ் பாத்துக்கும். டிஃப்யூஸர் (ஃப்ளாஷ் வெளிச்சத்தைப் பரப்பி விடுறது) காசு குடுத்து வாங்கல, பட்டர் பேப்பரும் தெர்மாகோல் தட்டும் தான். அது இல்லாம எடுத்தா பொறிவண்டு முதுகுல ரெண்டு வெள்ளை ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்.

இப்படி ஒருநாள் பாத்துக்கிட்டு இருக்கும்போதே பெரிய அசுவினி ஒண்ணு குட்டி போட்டுச்சு. முட்டை இல்ல, குட்டியே தான், பின்பக்கம் முதல்ல வந்து கால் ஆறையும் உதறுது. இதுங்களுக்கு ஆண் துணையே தேவையில்லைன்னு படிச்சிருக்கேன், ஆனா கண்ணுக்கு முன்னால நடக்கும்போது நான் க்ளிக் பண்ணவே மறந்துட்டேன். நாலே நாலு படம், அதுல மூணு தாய்க்காரியோட முதுகுல ஃபோகஸ்.

அன்னைக்கே தான் அந்த வம்பும். காம்பு லேசா ஒடிஞ்சு பால் விரல்ல பட்டிருக்கு, வேர்வை வழியுதேன்னு அதே விரலால கண்ணைத் துடைச்சுட்டேன். வலியே இல்ல, அதனால சும்மா இருந்துட்டேன், சாயங்காலம் பாத்தா பல்பைச் சுத்தி வட்டமா பனி. டாக்டர் கருவிழி வீங்கியிருக்குன்னு சொட்டு மருந்து குடுத்து நல்லா ஏசினார். ஒரு வாரத்துல சரியாச்சு. எருக்கு பக்கம் போறவங்க தனியா ஒரு தண்ணி பாட்டில் வெச்சுக்கோங்க, பட்டா உடனே கழுவிட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க, என்னை மாதிரி சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்காதீங்க.

*

அண்ணே, அவ்ளோ விலைக்கு எனக்கு வழியில்ல, நான் பழைய 18-55 கிட் லென்ஸைத் திருப்பி ரிவர்ஸ் ரிங்ல மாட்டிக்கிட்டு சுத்துறேன். திருப்பினா அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) கேமரா சொல் பேச்சு கேக்காது, அதுக்கு ஒரு வழி இருக்கு, நேரா மாட்டி எஃப் 8 வெச்சு டெப்த் ப்ரிவியூ பட்டனை (துளையை முன்கூட்டியே சுருக்கிக் காட்டுறது) அமுக்கிக்கிட்டே லென்ஸைக் கழட்டினா துளையோட பிளேடு அப்படியே நின்னுடும். வ்யூஃபைண்டர் இருட்டா இருக்கும், பழகிடும்.

எங்க தோப்பு மாமரத்துல முசுறு (இலையைச் சேர்த்துக் கூடு கட்டுற சிவப்பு எறும்பு) படம் எடுக்கப்போய் கழுத்து வரைக்கும் கடி வாங்கியிருக்கேன். அதுல ஒண்ணு மட்டும் கூட்டத்தோட சேராம ஓரமா போச்சு, பக்கத்துல போனா இலைக்கு அடியில நூல் விட்டு இறங்கிடுச்சு. எறும்பு ஏன்டா நூல் விடுதுன்னு வீட்டுல வந்து பெருசாக்கிப் பாத்தா கால் எட்டு! முன்னங்கால் ரெண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கிட்டு இருந்திருக்கு, முசுறு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி. பூச்சிக் கணக்குல சேராது தான், இருந்தாலும் போடுறேன்.

*

தம்பி, தாராளமா போடு. அந்தச் சிலந்தியோட கண்ணு ஃபோகஸ்ல இருக்கா, அதைச் சொல்லு முதல்ல.

*

நாலு படத்துல ரெண்டுல இருக்குண்ணே. மிச்சம் ரெண்டுலயும் ஃபோகஸ் மாவிலையில.