பங்குனியில் தனுஷ்கோடிக்கு ஒரு நடை

குழு: பெரிய வீட்டுப் பிள்ளைகள்

காரைக்குடி ஆச்சி: எல்லாருக்கும் வணக்கம். பங்குனியில் பிள்ளைகளுக்குச் சேர்ந்தாற்போல் விடுமுறை வருகிறது. கல்யாணம், காதுகுத்து என்று இல்லாமல், நடப்பதற்காகவே எங்காவது போகலாமா? திருமயம் சாலை நெடுக ஆவாரை பூத்துக் கிடக்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை.

சென்னைத் தம்பி: திருமயம் கோட்டைக்கே போகலாமே ஆச்சி?

காரைக்குடி ஆச்சி: அதைப் பிள்ளைகள் பார்த்தாயிற்று. கடல் வேண்டும் என்கிறார்கள்.

தேவகோட்டை அம்மான்: அப்படியானால் கடற்கரையில் இருக்கும் மனோரா கோபுரம். அறந்தாங்கி, பேராவூரணி வழியாகக் காரில் சுமார் இரண்டு மணி நேரம். நெப்போலியனை ஆங்கிலேயர் வீழ்த்தியதைக் கொண்டாட தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-15இல் கட்டியது. ஆறு பக்கம், எட்டு அடுக்கு. அந்தப் பக்கத்துக் கடலில்தான் 2022இல் கடற்பசுக் காப்பகம் அறிவித்தார்கள். நாட்டிலேயே அதுதான் முதலாவது. ஆழமில்லாத கடல். அடியில் கடற்புல் விளைகிறது, அதை மேயக் கடற்பசு வருகிறது.

சென்னைத் தம்பி: கடற்பசுவை நாம் பார்க்க முடியுமா அம்மான்?

தேவகோட்டை அம்மான்: கரையில் நின்று பார்ப்பது அரிது தம்பி. ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல்லைப் பார்க்கலாம், பச்சை நாடாப் போல இருக்கும்.

பள்ளத்தூர் சின்னாத்தா: நல்ல இடம்தான் அண்ணே. ஆனால் ஆத்தாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நேற்றுக்கூடத் தனுஷ்கோடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காரைக்குடி ஆச்சி: உங்கள் ஆத்தா, அதாவது என் ஆயா, என் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

காரைக்குடி ஆச்சி: ஆயா சொல்வது: “எங்கள் அப்பச்சி, என் அப்பா, கொழும்புக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போனவர்கள். கடையில் சின்ன வேலைகள் பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் போய்ப் பிறகு சொந்தமாகக் கடை வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷன் வரைக்கும் போய் வழியனுப்புவோம். ரயில் கிளம்பிவிடும். அதற்கப்புறம் தனுஷ்கோடியில் கப்பல் என்பார்கள். அந்தக் கப்பல் துறை எப்படி இருக்கும் என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. நடக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மண்ணைப் பார்க்க வேண்டும்.”

சென்னைத் தம்பி: அப்படியானால் வேறு பேச்சே வேண்டாம். தனுஷ்கோடிதான்.

தேவகோட்டை அம்மான்: ஆத்தா சொன்ன பிறகு மனோரா இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் தெரியட்டும் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடியும் ரயிலில் கொழும்பு என்று ஒரே டிக்கெட்டில் போய்வந்தார்கள். சுங்கச்சாவடி, தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை அலை அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்தவர்கள் மட்டுமே நூற்றுக்கு மேல். ஊர் குடியிருக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. மீனவர்கள் மட்டும் இன்றும் அங்கே குடிசை போட்டுத் தொழில் செய்கிறார்கள். அவர்களிடம் மீனோ சங்கோ வாங்கினால் பேரம் பேச வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

பள்ளத்தூர் சின்னாத்தா: அந்தத் தேவாலயத்தின் சுவரை நான் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறேன். செங்கல் இல்லை, பவளக்கல். வெட்டிய கல்லின் முகத்தில் பவளப்பூச்சி கட்டிய நெளிநெளியான வரிகள் அப்படியே இருக்கின்றன. நடுநடுவே சின்னச் சிப்பி பதிந்திருக்கிறது. கடலில் விளைந்த கல்லால் கட்டினார்கள், கடலே வந்து கூரையைக் கொண்டுபோய்விட்டது. அந்தச் சுவரில் ஆணியால் பெயர் கீறி வைத்திருக்கிறார்களே, பார்த்தபோது என் வயிறு எரிந்தது. நம் பிள்ளைகள் யாரும் அதன் மேல் ஏறிப் படம் எடுக்கக் கூடாது. இப்போதே சொல்லிவிடுங்கள்.

காரைக்குடி ஆச்சி: கட்டாயம் சொல்கிறேன் சின்னாத்தா. மகள் தாவரவியல் படிக்கிறாள் அல்லவா, அங்கே என்ன பூ இருக்கும் என்று கேட்கிறாள்.

தேவகோட்டை அம்மான்: முதலில் அடும்பு. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துப் பூவாக வருமே, அதேதான். இலை குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும். பூ ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம், தொண்டைக்குள் மட்டும் நிறம் அடர்ந்திருக்கும். காலையில் விரிந்து வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும். அதனால்தான் விடியும்போதே நடக்க வேண்டும் என்கிறேன். கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. பார்க்கட்டும், வரையட்டும், பிடுங்க வேண்டாம். அதன் பக்கத்திலேயே இராவணன் மீசை என்ற முள்புல் இருக்கும், செருப்பு இல்லாமல் மிதித்தால் குத்தும். அதன் விதைப்பந்து காற்றில் மணல் மேல் உருண்டு ஓடுவதைப் பிள்ளைகள் விடாமல் பார்ப்பார்கள். வழியில் குடை விரித்த மாதிரி நிற்கும் உடைமரங்களையும் காட்டுங்கள்.

சென்னைத் தம்பி: பூநாரை இருக்குமா அம்மான்?

தேவகோட்டை அம்மான்: குளிர்காலத்தில் வருபவை. பங்குனித் தொடக்கத்தில் சில தங்கியிருக்கலாம். இருந்தால் தூர நின்று பார்ப்போம், விரட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுப்பது வேண்டாம்.

சென்னைத் தம்பி: எங்கிருந்து எதுவரை நடப்பது?

தேவகோட்டை அம்மான்: தேவாலயத்திலிருந்து நிலம் முடியும் அரிச்சல்முனை வரை சுமார் ஐந்து கிலோமீட்டர். 2017இல் சாலை திறந்த பிறகு எல்லாரும் முனைவரை வண்டியில் போய், ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நடந்தால்தான் இரண்டு கடலும் தெரியும். ஒரு பக்கம் பாக் நீரிணை, குளம் போல அசையாமல் கிடக்கும்; அதைப் பெண் கடல் என்பார்கள். மறுபக்கம் மன்னார் வளைகுடா, அலை அடித்துக்கொண்டே இருக்கும். அது ஆண் கடல். அந்தப் பக்கம் யாரும் இறங்கிக் குளிக்கக் கூடாது, இழுப்பு அதிகம். கரைக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள், அதையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

பள்ளத்தூர் சின்னாத்தா: ஆத்தா வண்டியில் மெதுவாகக் கூடவே வரட்டும். நான் துணைக்கு இருக்கிறேன். வழியில் கோதண்டராமர் கோயிலிலும் இறங்கலாம், அந்தப் புயலில் தப்பி நின்ற கோயில்.

காரைக்குடி ஆச்சி: ஆயா கேட்கிறார்கள்: “கப்பல் துறை இருந்த இடத்தை யாராவது காட்டுவார்களா?”

தேவகோட்டை அம்மான்: ஆத்தா, அங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர்கள் மீனவர் குடியிருப்பில் இருப்பார்கள். விசாரித்து நானே உங்களைக் கூட்டிப் போகிறேன். ரயில் நிலையத்தின் சுவர் இன்னும் நிற்கிறது. உங்கள் அப்பச்சி இறங்கி நடந்த இடம் அதுதான்.

காரைக்குடி ஆச்சி: ஆயா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். சந்தோஷம்தான், யாரும் பயப்பட வேண்டாம்.

சென்னைத் தம்பி: நான் முதல் நாள் ராத்திரி ரயிலில் காரைக்குடி வந்துவிடுகிறேன். வேன் பேசுவது என் பொறுப்பு. ராமேசுவரம் நகரத்தார் விடுதியில் அறை கேட்பது யார்?

தேவகோட்டை அம்மான்: நான் கேட்கிறேன். முந்தின நாள் மாலையே அங்கே போய்த் தங்கிவிட வேண்டும். இருட்டுவதற்குள் தனுஷ்கோடியை விட்டுத் திரும்பிவிட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பள்ளத்தூர் சின்னாத்தா: புளியோதரை, தயிர்சோறு, மாவடு என் கணக்கு. வாழையிலையில் கட்டுகிறேன், பிளாஸ்டிக் பை ஒன்றுகூட வரக் கூடாது. தண்ணீருக்கு எவர்சில்வர் தூக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி ஆச்சி: ஆயா சொல்கிறார்கள்: “வெற்றிலைப் பெட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குத் தொப்பி வாங்குங்கள். பங்குனி வெயில் பல்லைக் காட்டும்.”