மறுமொழி: போட்டியில்லாமல் வந்தவர் – தேர்வா, நியமனமா?

ஐயா, வணக்கம்.

நாளைக் காலை வகுப்பு. போட்டியே இல்லாமல் ஒருவர் பதவிக்கு வருவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டதற்கு நீங்கள் தந்த 'எதிரிலித் தேர்வு' அழகான சொல். 'எதிரிலி சோழன்' என்ற பட்டப்பெயரே இருந்திருக்கிறது. ஆனால் நான் நடத்துவது கலிபோர்னியாவின் குடிநீர், தீயணைப்பு, இடுகாட்டு வாரியங்களைப் பற்றி. அங்கே ஓர் இடத்துக்குப் பல நேரம் ஒரே ஒருவர்தான் வேட்புமனுப் போடுகிறார். அவரை எதிரிலி என்றால் எல்லாரையும் வென்று வந்தவராகத் தோன்றுகிறார்.

பெரிய சிக்கல் 'தேர்வு' என்பதில்தான். இந்தியாவில் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, போட்டியில்லாதவரைத் தேர்ந்தெடுக்கப்பட்டவராகவே அறிவிக்கச் சொல்கிறது. நாம் 'அன்னப்போஸ்ட்' என்பது அதைத்தான். கலிபோர்னியத் தேர்தல் சட்டத்தின் 10515ஆம் பிரிவு அப்படி இல்லை. தேர்தலுக்கு 83 நாள் முன்புவரை இடங்களுக்கு மேல் ஆள் சேராமல், வாக்காளரில் 10 விழுக்காட்டினரோ 50 பேரோ, எது குறைவோ அத்தனை பேர், தேர்தல் வேண்டுமென்று மனுவும் தரவில்லை என்றால், வாக்குப்பதிவே கிடையாது. வேட்புமனுப் போட்டவரை மேற்பார்வை அமைப்பு நியமிக்கும். யாருமே போடாவிட்டால் தகுதியுள்ள ஒருவரை நியமிக்கும். ஆனாலும் அவர் பதவி வகிப்பது தேர்தலில் வந்தவரைப் போலவே.

அதனால் 'தேர்தலுக்கு ஈடான நியமனம்' என்று எழுதட்டுமா?

*

அம்மா, பொருள் சரி. 'நியமனம்' வேண்டாமே, வடசொல். ஈடு + அமர்த்தம் = ஈட்டமர்த்தம். காடு காட்டுப்பூ ஆவதுபோல நெடில்தொடர்க் குற்றியலுகரம் இரட்டிக்கும். பழைய சொல்லாட்சியையும் பாருங்கள்: அகநானூறு 77ஆம் பாட்டிலேயே குழிசியிலிருந்து (குடத்திலிருந்து) ஓலை எடுக்கிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை. ஓலையே எழுதாமல் ஆளை அமர்த்துவதற்கு 'ஓலையிலி அமர்த்தம்' இன்னும் பொருந்தும்.

*

ஐயா, மூன்றாமவனாக நான் இடையில் நுழைகிறேன். குடவோலை குலுக்கல் முறை, வாக்குப்பதிவு இல்லை. அதை இதற்குள் கொண்டுவந்தால் மாணவர்கள் குழம்பிவிடுவார்கள். 'ஈட்டமர்த்தம்' காதில் விழுந்தால் 'ஈட்டுக்கடன்' நினைவுதான் எனக்கு வருகிறது. நான் அம்மா பக்கம். இன்னொன்று: அந்த வாரிய எல்லையை (district) 'மாவட்டம்' என்று எழுதாதீர்கள். சில நூறு வாக்காளர் உள்ள இடமும் உண்டு, 'வட்டகை' போதும்.

*

சரி, 'ஈடான நியமனம்', 'வட்டகை' இரண்டையும் பலகையில் எழுதுகிறேன். ஐயாவின் ஈட்டமர்த்தத்தை அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்கிறேன்.

*

அடைப்புக்குறிக்குள் வைக்க அது என்ன பொழிப்புரையா? என் மறுப்பு நிற்கிறது, அம்மா.