பொருள்: டெரிஜியம் அறுவை – ‘தன்னொட்டு’ சரிதானா?

நெய்தலான்:
உப்பளத் தொழிலாளர்களுக்கான கண் நலக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டெரிஜியம் என்பது வெள்விழியிலிருந்து கருவிழியின் மேல் சிறகு போலப் படரும் சதைப்படலம். அதை வெட்டிவிட்டு வெள்விழியைத் திறந்தபடி விடுவது பழைய முறை. அதே கண்ணில் மேலிமை மூடும் இடத்திலிருந்து மெல்லிய படலம் எடுத்து அங்கே வைத்துத் தைப்பது மற்றொன்று. நோய்க்குச் ‘சிறகுப்படலம்’, இரண்டாம் முறைக்குத் ‘தன்னொட்டு’ என்று எழுதியிருக்கிறேன்.

பதப்பித்தன்:
தனிக்குறில் முன் ஒற்று இரட்டியிருக்கிறது, தன்னொட்டில் பழுதில்லை. ஆனால் சிறகு எதற்கு? கிரேக்க மூலம் சிறு இறக்கை என்றால் நம்மிடம் ‘சிறை’ இருக்கிறதே. குறுந்தொகையின் அஞ்சிறைத் தும்பியை மறந்தோமா? சிறைப்படலம் என்க. இந்நோய்க்குப் பழைய வடமொழி மருத்துவ நூலில் சுசுருதர் சொன்ன ‘அர்மம்’ வேண்டவே வேண்டாம்.

கண் மருத்துவர்:
ஐயா, கண்ணில் சிறை என்று படித்தவர் மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார். மக்கள் சொல்வது ‘சதை வளர்ச்சி’. கண்புரையையும் சிலர் சதை என்பதால் ஒரு படம் போடுங்கள், போதும். அவர்கள் அறிய வேண்டியது வேறு: வெறுமனே வெட்டிவிட்டால் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வளர்ந்த ஆய்வுகள் உண்டு. 1985இல் கென்யன் குழுவினர் ஒட்டு வைத்த 57 கண்களில் 3இல்தான் திரும்பியது. மைட்டோமைசின் மருந்தும் மறுவளர்ச்சியைத் தடுக்கும். அளவு மிஞ்சினால் வெள்விழியே கரைந்து மெலியும். கருவிலுள்ள குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட உறையையும் அங்கே ஒட்டலாம், ஆனால் மறுவளர்ச்சியைத் தடுப்பதில் சொந்தப் படலத்துக்கு ஈடில்லை.

நெய்தலான்:
தையலுக்குப் பதில் ஃபைப்ரின் என்னும் இரத்தப் புரதப் பசையும் உண்டே. ‘தன்னொட்டைப் பசையால் ஒட்டுதல்’ என்று எழுதினால், தானே ஒட்டுவதற்குப் பசை எதற்கு என்கிறார் மெய்ப்புத் திருத்துபவர்.

பதப்பித்தன்:
அப்படியானால் ‘தன்பதியம்’.

மாந்தோப்பான்:
பதியத்தில் வேர்விட்ட பிறகுதான் கிளையைத் தாய்மரத்திலிருந்து பிரிப்போம். இங்கே முதலிலேயே வெட்டிவிடுகிறார்கள். பதியம் ஆகாது.

பதப்பித்தன்:
இரு செடிகளை அருகருகே வைத்து இணைக்கும் நெருக்கு ஒட்டிலும் முதலில் பிரிப்பதில்லையே! உங்கள் கணக்கில் ஒட்டும் ஆகாது.

கண் மருத்துவர்:
தோப்பை விட்டுக் கண்ணுக்கு வாருங்கள். ‘சொந்தப் படல ஒட்டு’ என்று போடுங்கள். நோயாளியிடம் நான் அப்படித்தான் சொல்கிறேன்.

மாந்தோப்பான்:
சரி.

நெய்தலான்:
வேறு வழியில்லை, எனக்கும் சரி. தலைப்பில் ‘சதை வளர்ச்சி’, அடைப்புக்குறிக்குள் சிறகுப்படலம். நாளை காலை அனுப்பிவிடுகிறேன்.

பதப்பித்தன்:
அனுப்புங்கள். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘சொந்தம்’ தமிழ்ச்சொல்தானா என்று யாராவது பார்த்தீர்களா?