அம்பாசடர் 1489 பெட்ரோல்: ஞாயிறு ஓட்டத்துக்கு இன்ஜினில் எதைத் தொடலாம், எதை விடலாம் (நான்கு பேர் உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

பி-சீரிஸ் பித்தன்

அம்பியின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும், 1955இல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினும் ஒரே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பம். அதே 73.025 மிமீ போர் (சிலிண்டர் விட்டம்), அதே 88.9 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), அதே மூன்று மெயின் பேரிங். எம்ஜிஏவில் தொடக்கத்திலேயே 68 குதிரைத்திறன். நம் வண்டியில் ஐம்பது சொச்சம். அங்கே 8.3 கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற விகிதம்) ஒன்றரை அங்குல எஸ்யூ கார்ப் (கார்புரேட்டர்) இரண்டும் இருந்தன. ஆக, ஆசைப்பட இடமுண்டு. ஆனால் வேலைக்கு வரும் பல அம்பிகளில் அந்த ஐம்பதே மிச்சமில்லை. முதலில் அதை மீட்டுவிட்டுப் பிறகு மேலே போகலாம்.

இன்ஜின் சூடானதும் நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றி கேஜில் கம்ப்ரஷன் அழுத்தம் பாருங்கள். சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து விழுந்தால் பேக்கிங்கையே முதலில் சந்தேகப்படுங்கள்.

டேப்பட் (வால்வுக்கும் ராக்கருக்கும் இடையே உள்ள இடைவெளி) 0.015 அங்குலம், அதாவது 0.38 மிமீ. ஒன்பது கணக்கு தெரிந்ததுதானே, இரண்டு வால்வு எண்ணும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்: 8ஆம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1ஐ வையுங்கள், 6 திறந்திருந்தால் 3ஐ. எக்ஸாஸ்ட் டேப்பட் மட்டும் ஒவ்வொரு முறையும் இறுகிக்கொண்டே வந்தால் வால்வு உட்காரும் சீட் உள்ளே தேய்கிறது என்று அர்த்தம். 2000இல் பெட்ரோலில் ஈயம் நிறுத்தப்பட்ட பிறகு பழைய ஹெட்களுக்கு இருக்கும் நோய் இது. ஹெட் கழற்றும் அன்றே எக்ஸாஸ்டுக்குக் கடின சீட் வளையம் அடித்துவிடுங்கள்.

பாயிண்ட் கண்டென்சர்

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் பற்றி யாரும் பேசுவதில்லை. காசுக்கு அதிகப் பலன் தருவது அதுதான். ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் புஷ் போய்விட்டது; பாயிண்ட் (மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளியை 0.015 அங்குலம் வைத்தாலும் ஓடும்போது அது நிற்காது. கீழே வெயிட் ஸ்பிரிங் இரண்டும் இருக்கிறதா, ஒன்று இரும்புக் கம்பியாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். வேக்கம் பைப்பை அடைத்துவிட்டு, டைமிங் லைட்டில் 3500 ஆர்பிஎம்மில் 30 முதல் 32 டிகிரி அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி விழும் கோணம்) வந்தால் போதும். ஐடிலில் மட்டும் டைமிங் வைத்தால் மேலே எங்கே போகிறது என்றே தெரியாது.

பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் போடுகிறவர்கள் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். பழைய மாடல் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்திருக்கும்). மாட்யூல் அதற்கு ஏற்றதாக இல்லாவிட்டால் சாவி போட்ட நொடியில் புகை. காயில் 3 ஓம் இருக்கட்டும். பேலஸ்ட் (கூடுதல் மின்தடை) இல்லாமல் 1.5 ஓம் காயில் மாட்டினால் இரண்டும் சூடேறிச் சாகும். செம்புக் கம்பி பிளக் வயரை எடுத்துவிட்டுக் கார்பன் வயர் போடுங்கள், இல்லையென்றால் மாட்யூல் குழம்பி மிஸ்ஸிங் வரும். பழைய பாயிண்ட் தட்டைக் கண்டென்சரோடு டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் தாண்டி மாட்யூல் கிடைக்காது.

லேத்துக்காரன்

"ஹெட்டுல ரெண்டு மில்லி (மில்லிமீட்டர்) எடுத்தா வண்டி பறக்கும்" என்று சொல்பவர் யாராக இருந்தாலும் கணக்கு கேளுங்கள் அண்ணே. ஒரு சிலிண்டர் 372 சிசி. கம்ப்ரஷன் 7.2 என்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே 60 சிசி. 8.3க்கு 51 சிசி வேண்டும். ஒன்பது சிசி குறைய வேண்டும். ஹெட்டில் உள்ள சேம்பர் (எரி அறை) வாயின் பரப்பு போரின் பரப்பைவிடச் சின்னது. 30 சதுர செமீ என்று வைத்தாலும் ஒரு மில்லி சீவினால் 3 சிசிதான் போகும். அப்போது கம்ப்ரஷன் 7.5. மூன்று மில்லி சீவினால் ஹெட்டின் அடித்தட்டு மெலிந்து, அடுத்த ஓவர்ஹீட்டில் வெடிப்பு நிச்சயம்.

அதனால் ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாக்கத் தேவையான அளவு மட்டும் சீவுங்கள். கம்ப்ரஷன் ஏற்ற வேண்டுமென்றால் ரீபோர் (சிலிண்டரைப் பெரிதாகக் கடைதல்) செய்யும்போது குழிப் பிஸ்டனை விட்டுத் தட்டைப் பிஸ்டன் போடுவதுதான் வழி. சேம்பரை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள்: துளையிட்ட கண்ணாடித் தட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்டில் மண்ணெண்ணெய் விட்டால் சிசி துல்லியமாக வரும். பேக்கிங் தடிமனையும் சேர்க்க மறக்காதீர்கள்.

இன்னொன்று. ராக்கர் ஸ்டாண்டைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ராக்கரை மட்டும் கழற்றுகிறேன் என்று அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணி, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். ரேடியேட்டரை வடித்துவிட்டு மற்ற ஹெட் நட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மாட்டும்போது நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக 50 பவுண்டு-அடி. 500 கிலோமீட்டர் ஓடியபின் மறு இறுக்கம், உடனே டேப்பட்.

ஈசிஆர் ஞாயிறு

கார்ப் மாற்றலாமா சார்? ஒன்றே கால் அங்குல எஸ்யூ எச்எஸ்2 இருக்கிறது. எலக்ட்ரிக் ஃபேனும் போட ஆசை.

பி-சீரிஸ் பித்தன்

ஒற்றை எச்எஸ்4 (ஒன்றரை அங்குலம்) போதும். இரட்டைக் கார்ப் பார்க்க அழகு. லிங்க்கேஜ் தேய்ந்ததும் சிங்க்ரனைஸ் செய்வதே வாராந்திர வேலையாகிவிடும். எச்எஸ்2க்கு இரண்டு போல்ட், எச்எஸ்4க்கு நான்கு, அதனால் மேனிஃபோல்டில் அடாப்டர் வேண்டும். ஒன்றரை அங்குல வாய்க்குப் பின்னால் பழைய சின்னத் துளை படியாக நின்றால் கார்ப் மாற்றியதே வீண். சரிவாகத் தேய்த்து இணையுங்கள். கலவையைச் சரிசெய்யும் ஜெட் நட்டை மேலிருந்து 12 முகம் (இரண்டு முழுச் சுற்று) கீழிறக்கித் தொடங்கி, கார்பில் உள்ள லிஃப்ட் பின்னை அழுத்தி அதன் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நீடித்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்), உடனே தடுமாறினால் லீன் (பெட்ரோல் குறைவு), லேசாக ஏறி இறங்கினால் சரி. இ20 பெட்ரோலில் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) கலவை சுமார் 7-8 சதவீதம் லீன் ஆவதால், பழைய அளவில் விட்டால் பிளக் வெள்ளையாகும். ரப்பர் ஹோஸை எத்தனாலைத் தாங்கும் 'வைட்டான்' (Viton) ஹோஸாக மாற்றுங்கள். பழையது உள்ளே உதிர்ந்து ஃப்ளோட் ஊசியில் உட்காரும்.

ஃபேனுக்கு முன் ஆல்டர்னேட்டர். லூக்காஸ் சி40 டைனமோவின் உச்சம் 22 ஆம்பியர். ஃபேன் பத்து வரை இழுக்கும், ஹெட்லைட்டும் சேர்ந்தால் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கத்தையும் விடுங்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் அதிகாலை ஓட்டத்தில் குளிர்ந்தே கிடந்து போரைத் தின்னும். இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் என்பதால் கார்புக்கு அடியில் அலுமினியத் தகடு ஒன்று வையுங்கள். டீக்கடையில் நிறுத்திவிட்டுக் கிளப்பும்போது வரும் தகராறு பாதி குறையும்.

லேத்துக்காரன்

எலக்ட்ரிக் பம்ப் போட்டால் 3 பிஎஸ்ஐக்குள் அடக்கும் ரெகுலேட்டரும் போடுங்கள், இல்லையென்றால் ஃப்ளோட் ஊசி தாங்காமல் கார்ப் வழியும், கீழே எக்ஸாஸ்ட் இருக்கிறது. இந்த இன்ஜினையே எடுத்துவிட்டு இசுசு இன்ஜின் ஏற்றுவது வேறு கதை: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதியும் ஆர்சியில் பதிவும் வேண்டும். மேலே சொன்ன வேலைகள் எதுவும் இன்ஜின் நம்பரைத் தொடுவதில்லை.