ஸ்வீட் ஹோம் 3டி: சுவர் போட்டால் அறை சுருங்குகிறது, திண்ணைக்குத் தரையே வரவில்லை

கடைக்குட்டி:
மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் கட்டப்போகிறோம். நான் இருப்பது அபுதாபியில். அம்மா கேட்பது ஒன்றே ஒன்று: "உள்ளே என்ன வேணா பண்ணிக்கோங்க. வாசல்ல திண்ணை வேணும், அதுக்கு மேல ஓடு வேணும்." மேஸ்திரி காகிதத்தில் போட்டுக் கொடுத்ததை அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அம்மாவுக்குப் பிளான் பார்க்கத் தெரியாது, வீடாகக் காட்டினால் சொல்லிவிடுவாள். அதனால் மூன்று ராத்திரியாக ஸ்வீட் ஹோம் 3டி என்ற வீடு வரையும் மென்பொருளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மேஸ்திரியின் படத்தைப் பின்னணியில் வைத்து, அதன் மேலேயே சுவர் இழுத்தேன். தானாக வந்த சுவர் ஏழரை சென்டிமீட்டர்தான், அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது. எல்லாச் சுவரையும் தேர்ந்தெடுத்து 9 இஞ்ச் ஆக்கினேன். இப்போது 10க்கு 12 படுக்கையறை 104 சதுர அடி என்கிறது. 120 வர வேண்டாமா?

அடுத்தது, பேஸ்மட்டம், அதாவது மண்ணிலிருந்து வீட்டுத் தரை வரை, 2 அடி. வீட்டை எப்படித் தூக்குவது? அறைக்குள் இரட்டைக் கிளிக் செய்தால் தரை வந்துவிடுகிறது, வாசலில் எத்தனை தட்டினாலும் ஒன்றும் வரவில்லை. ஓட்டுச் சாய்வுக்கு எந்தப் பொத்தானும் கண்ணில் படவில்லை.

நாலரை இஞ்ச்:
தம்பி, நீங்கள் இழுக்கும் கோடு சுவரின் நடுக்கோடு. கனத்தைக் கூட்டினால் இரண்டு பக்கமும் சமமாக வீங்கும். 9 இஞ்சில் பாதி, நாலரை இஞ்ச், ஒவ்வொரு சுவரிலிருந்தும் அறைக்குள் வந்துவிடும். ஆக 10 அடி 9 அடி 3 இஞ்ச் ஆகிறது, 12 அடி 11 அடி 3 இஞ்ச் ஆகிறது. பெருக்கிப் பாருங்கள், அதே 104.

நம் ஊரில் பிளானில் எழுதுவது பெரும்பாலும் உள்ளளவு. கடைக்காலுக்கு மார்க்கிங் போடும்போது மட்டும் சென்டர் லைன். உங்கள் மேஸ்திரி எதை எழுதியிருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். உள்ளளவு என்றால் 10 அடி 9 இஞ்ச், 12 அடி 9 இஞ்ச் என்று இழுக்க வேண்டும். ஒரு பக்கம் நாலரை இஞ்ச் தடுப்புச் சுவர் வந்தால், அந்தத் திசையில் கூட்ட வேண்டியது ஆறே முக்கால் இஞ்ச். படத்தின் மேல் மவுஸை வைத்து இழுக்காதீர்கள். கோடு போகும்போதே என்டர் தட்டினால் நீளத்தை எண்ணாகக் கொடுக்கலாம்.

பேஸ்மட்டத்துக்குப் புதிதாக ஒரு தளம் சேருங்கள். அது முதல் மாடி என்று நினைத்துக்கொண்டு உயரே போய் உட்காரும். அந்தத் தளத்தின் பெயர் இருக்கும் தாவலை (டேப்) இரட்டைக் கிளிக் செய்து, தளம் நிற்கும் உயரம் (Elevation) 2 அடி, தரைக் கனமும் 2 அடி என்று மாற்றுங்கள். வீடு முழுவதும் அந்தத் தளத்தில் இருக்கட்டும். பூஜ்யத்தில் இருக்கும் தளத்தில் மனையை மட்டும் பச்சையாக வரைந்துகொள்ளுங்கள்.

முற்றம் வேணும்:
வாசலைச் சுற்றிச் சுவர் மூடவில்லை, அதனால்தான் இரட்டைக் கிளிக்குக்குத் தரை வரவில்லை. அறைக் கருவியை எடுத்து மூலை மூலையாகக் கிளிக் செய்துகொண்டே போய், கடைசி மூலையில் இரட்டைக் கிளிக்.

திண்ணைக்கு என் வழி: அதையும் சுவராகவே போடுங்கள். கனம் இரண்டரை அடி, உயரம் ஒன்றரை அடி. பெட்டியை வைத்துச் செய்பவர்களும் உண்டு, ஆனால் சுவர் என்றால் மூலையில் திரும்பும்போது தானே சேர்ந்துகொள்ளும். வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு தொந்தரவு செய்தால் ஆல்ட் விசையை அழுத்தியபடி இழுங்கள். சுவரின் மேல்பக்கத்துக்கு நிறம் மட்டும்தான் தர முடியும், டைல்ஸ் படம் போட முடியாது. ரெட் ஆக்சைடு திண்ணைக்கு அது போதாதா என்ன?

கூரைக் கருவி கிடையாது. பொருள் பட்டியலில் இருக்கும் சாதாரணப் பெட்டியை எடுத்து, 4 இஞ்ச் கனமாக்கி, சாய்வுக் கோணம் கொடுங்கள். வாசல் 7 அடி நீண்டு 25 டிகிரி சாய்வென்றால், சாய்ந்த நீளம் 7 அடி 9 இஞ்ச் வரும். அப்புறம், வீட்டுக்குள் நடந்து பார்க்க மென்பொருளே ஒரு ஆளைத் தரும், அவர் கண்ணில் படுவதுதான் திரையில் தெரியும். அந்த ஆளைக் கூரைக்கடியில் நிறுத்தி, கண் உயரத்தை வீட்டிலேயே நெட்டையானவர் அளவுக்கு வையுங்கள். எனக்கு இந்த மென்பொருளில் மிகவும் பிடித்தது அந்த ஆள்தான்.

சாரக்கட்டு:
3டி படத்தை அம்மாவிடம் காட்டுங்கள். மேஸ்திரியிடம் காட்டினால் பெயின்ட் கலரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். அவருக்கு அளவு போட்ட பிளானை மட்டும் அச்செடுத்துக் கொடுங்கள்.

கடைக்குட்டி:
மூவருக்கும் நன்றி. உள்ளளவுதானாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு எண் கொடுத்தே திரும்ப வரைந்தேன், படுக்கையறை சரியாக 120 வந்துவிட்டது.

பெரிய விஷயம் அந்த நடக்கிற ஆள் காட்டியதுதான். மேஸ்திரி ஓட்டை 9 அடி உயரத்தில் ஆரம்பித்து 25 டிகிரி சாய்க்கச் சொல்லியிருந்தார். 7 அடிக்குள் மூணேகால் அடி இறங்கிவிடுகிறது. முன் விளிம்பு தரையிலிருந்து 5 அடி 9 இஞ்ச். எங்கள் அத்தான் ஆறடி. படியேறி வரும் இடத்தில் ஆளை நிறுத்தினால் திரை முழுக்கப் பெட்டிதான் தெரிந்தது. போன் போட்டுச் சொன்னேன். மேஸ்திரி ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "10 அடியில ஆரம்பிச்சிடலாம் தம்பி" என்றார். இப்போது 6 அடி 9 இஞ்ச்.

நேற்று வீடியோ காலில் அம்மாவுக்குச் சுற்றிக் காட்டினேன். சமையலறையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திண்ணை வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "தலை வச்சுப் படுக்க மேடு எங்கடா?" பழைய திண்ணையில் ஒரு கோடியில் சரிவாக ஒன்று இருக்கும், மதியத்தில் அப்பா அதில்தான் தலை வைத்துப் படுப்பார். எனக்கு மறந்தே போயிருந்தது.

சுவருக்கு இரண்டு முனையிலும் வெவ்வேறு உயரம் கொடுக்கலாம் என்று தேடியபோது தெரிந்தது. திண்ணையின் கோடியில் ஒரு அடியைக் குறைத்து, அந்த இடத்தில் அதே இரண்டரை அடி கனத்தில் ஒரு குட்டிச் சுவர்: ஒரு முனை ஒன்றரை அடி, மறு முனை 1 அடி 10 இஞ்ச். திண்ணையோடு சேர்ந்துகொண்டது. தெற்குப் பக்கமா, வடக்குப் பக்கமா என்றுதான் அம்மாவும் அக்காவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.