தியாகி என்று யாரைச் சொல்வது? கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. ஜனவரி 10, மலையகத் தியாகிகள் தினத்துக்கு எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் பிள்ளைகளிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 1940இல் அதே நாளில் ஹேவாஹெட்ட பக்கம் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தில் பொலிஸ் சூட்டுக்குப் பலியான கோவிந்தன், 1977 மே மாதம் தலவாக்கலை பக்கம் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்து நின்று உயிர்விட்ட சிவனு லெட்சுமணன், இவர்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

சொல்லில்தான் சிக்கிக்கொண்டேன். தேவாலயத்தில், விசுவாசத்துக்காக உயிர்விட்ட ஸ்தேவானை மறைசாட்சி என்கிறோம். அரபியில் உயிர்த்தியாகியைச் சொல்லும் ஷஹீத் என்ற சொல்லுக்கும் சாட்சி என்கிற பொருள் உண்டு. நம்முடைய 'தியாகி'யோ விட்டுக்கொடுத்தவர். கோவிந்தன் எதை விட்டுக்கொடுத்தார்? உரிமையைக் கேட்கத்தானே போனார்! எனக்கென்னவோ அவரைச் சாட்சி என்று சொல்வதே பொருத்தமாகப் படுகிறது.

அப்புறம் என் மகள் கேட்டாள்: "அம்மாயியும் தியாகிதானேம்மா?" தம்பிமார் படிக்க வேண்டுமென்று என் அம்மா பன்னிரண்டு வயதில் கொழுந்துக்கூடை சுமந்தவர். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவரிடம் யாருமே விருப்பம் கேட்கவில்லை. அதைத் தியாகம் என்றால் அந்த அநியாயம் மறைந்துவிடாதா?

நீங்கள் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்? ஹேவாஹெட்ட, தலவாக்கலை பக்கம் இருப்பவர்கள், வீட்டுப் பெரியவர்கள் அந்த இருவரைப் பற்றிச் சொன்ன ஞாபகங்கள் இருந்தால் தயவுசெய்து இங்கே எழுதுங்கள். குரல் பதிவாக அனுப்பினாலும் சரி.