ஆவடுதுறையில் கேட்ட ‘இடரினும் தளரினும்’

திருவாவடுதுறை என்றதும் பலருக்கு நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம்தான் நினைவுக்கு வரும். நியாயம்தான். ஆனால் அந்த ஊருக்குப் போகிறவர்கள் முதலில் மாசிலாமணீசுவரர் கோயிலில் தேவாரம் கேட்க வேண்டும் என்பேன்.

நான் போனது சாயரட்சை என்கிற மாலை பூஜைக்கு. கூட்டமில்லை, மைக்கும் இல்லை. கையில் தாளத்தோடு நின்ற ஓதுவார், ‘இடரினும் தளரினும் எனதுறுநோய் தொடரினும்’ என்று கேதாரகௌளை ராகத்தில் எடுத்தார். தேவாரத்தில் ராகத்தைப் பண் என்பார்கள்; இந்தப் பண்ணுக்குக் காந்தாரபஞ்சமம் என்று பெயர். சம்பந்தர் இதே சன்னிதியில் பாடிய பதிகம் இது. அப்பாவின் வேள்விக்குப் பொருள் வேண்டும், கையில் எதுவும் இல்லை, சிவனிடமே கேட்டுவிடுகிறார். பூதம் ஒன்று வந்து ஆயிரம் பொன் கொண்ட கிழியை (பண முடிப்பை)ப் பலிபீடத்தின் மேல் வைத்துவிட்டுப் போனதாகப் பெரியபுராணம் சொல்லும்.

முதல் அடிகளை நிதானமாகப் பாடியவர், ‘இதுவோ எமை ஆளுமாறு ஈவதொன்று எமக்கில்லையேல்’ என்ற இடம் வந்ததும் குரலை உயர்த்தினார். ‘இதுவோ’ என்று நிறுத்தினார். மறுபடியும் ‘இதுவோ’. பெற்றவனிடம் பிள்ளை கோபித்துக்கொண்டு கேட்பது போலவே இருந்தது. கச்சேரிகளில் இதை உருக்கமாகத்தான் கேட்டிருக்கிறேன். இது உரிமையோடு சண்டை பிடிக்கும் பாட்டு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

தீபாராதனை முடிந்ததும் அவரிடம் போய், “ஐயா, சங்கதியே அதிகம் போடலையே?” என்று கேட்டேன். ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடுவதைத்தான் சங்கதி என்பார்கள்.

“சொல்லு உடையக் கூடாது தம்பி. பண் இருக்கிறதே அதுக்குத்தான்” என்றார்.

கோயிலை ஒட்டியே ஆதீன மடம். 16ஆம் நூற்றாண்டில் நமசிவாய மூர்த்திகள் தொடங்கியது. உ.வே.சா. தமிழ் படித்த இடம். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இந்த மடத்தின் ஆதீன வித்வானாக இருந்தவர். நாயனத்தில் (நாகஸ்வரத்தில்) அவர் பாடுவார் என்று பெரியவர்கள் சொல்வதை இந்த ஓதுவாரைக் கேட்ட பிறகு இன்னும் நன்றாக விளங்கிக்கொள்ள முடிகிறது.

ஊரில் நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் வேலை நடப்பதைப் பார்த்தேன். பதப்படுத்திய நாணல் தட்டையை நூல் சுற்றிக் கட்டி, வாயில் வைத்து ஊதிப் பார்க்கிறார். கத்தியால் துளி சீவுகிறார். திரும்ப ஊதுகிறார். காதுக்குச் சரி என்று படும்வரை இதே வேலை. அப்புறம், நாயனம் செய்யும் நரசிங்கம்பேட்டையும் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். அந்த நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

தை அசுவதியில் மடத்தில் குருபூஜை. ஊர் களைகட்டியிருக்கும்போது பார்க்க வேண்டுமென்றால் அப்போது போங்கள். தேவாரம் கேட்கத்தான் போகிறீர்கள் என்றால் விசேஷமில்லாத ஒரு சாதாரண நாளாகப் பார்த்துப் போங்கள்.